அரைக் கட்டை கம்மி

செங்கம் ரோட்டில் பழைய சாமான் வாங்கி விற்கிற சகாதேவனுக்கு ஒரு பழக்கம். காலையில் ஷட்டரைத் தூக்கி, ஊதுவத்தி கொளுத்தி, சாமி படத்துக்கு மூன்று சுற்று சுற்றியதும் செல்போனை மேசை மேல் வைத்து ஒரு பியானோ இசையைப் போடுவார். பதினோரு நிமிஷம் ஓடும். பதினோராவது நிமிஷம் முடியும்போது எதிரில் எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளர் நின்றாலும் சரி, பேச்சை அப்படியே விட்டுவிட்டுக் கையை நீட்டி நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஒரு விநாடிகூட ஓட விடமாட்டார்.

கேட்கிறவர்களுக்கு அது இசையாகவே படாது. நாலு சொட்டு விழும். அப்புறம் சத்தமே இருக்காது. திடீரென்று ஒரு ஓட்டம் ஓடும், யாரோ கூப்பிட்ட மாதிரி நின்றுவிடும்.

"என்னாண்ணா, நெட் கட்டாயிடுச்சா?"

"இல்லப்பா. இது பாதிதான். மீதிப் பாதி போலந்துல இருக்குது."

கேட்டவர் அதற்கு மேல் கேட்கமாட்டார். பேரம் பேசுகிற இடத்தில் கடைக்காரன் புரியாமல் பேசினால் விலையை ஏற்றப் போகிறான் என்றுதான் அர்த்தம்.

சகாதேவனின் வியாபாரம் வெள்ளைக்காரர்களை நம்பியது. கார்த்திகைக்கு ரெண்டு பையோடு வந்து இறங்குவார்கள். ஆறு மாதம் ரமணாசிரமத்துப் பக்கம் வாடகைக்கு அறை எடுப்பார்கள். மெத்தை, கேஸ் அடுப்பு, கொசுவலை, சைக்கிள் என்று எல்லாம் வேண்டும். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும்போது அத்தனையையும் இவர் தலையில் கட்டிவிட்டு ஊருக்குப் போவார்கள். இவர் வாங்கும்போது அந்த மெத்தை குப்பை. அதே மெத்தை அடுத்த கார்த்திகைக்கு விற்கும்போது கிட்டத்தட்டப் புதுசு. நீலப்பூ போட்ட ஒரு மெத்தை மட்டும் ஏழு தேசத்துக்காரர்களின் முதுகைப் பார்த்திருக்கிறது.

அப்படி வந்து, போகாமலே தங்கிவிட்டவர்கள் ரெண்டு பேர். எத்தியேன், பிரான்ஸில் லியோன் பக்கத்துக்காரர். ஹலினா, போலந்தில் கிராக்கோவ்காரி. ஊரில் அவள் நடனப் பள்ளிக்குப் பியானோ வாசித்தவள். எத்தியேன் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவர். புருஷன் பெண்டாட்டியும் இல்லை, சொந்தமும் இல்லை. ஆசிரமத்தில் மௌனமாக உட்காரலாம் என்று தனித்தனியாக வந்தார்கள். மௌனத்தைத் தேடி வந்த ரெண்டு பேரும் சேர்ந்து இந்த ஊருக்கு ரெண்டு பியானோவைக் கொண்டுவந்து இறக்கியதுதான் கூத்து.

ஹலினாவுடையது ஏற்காட்டில் ஏதோ பழைய பங்களாவைக் காலி செய்தபோது வாங்கியது. வாங்கிக் கொடுத்தது சகாதேவன்தான். கறையான் அரித்த கால், மஞ்சளான பல் போலக் கட்டைகள். எத்தியேனுடையது ஜப்பான் சரக்கு, சென்னையிலிருந்து லாரியில் வந்தது. கறுப்பில் முகம் தெரியும். ரெண்டையும் ஹலினா வாடகைக்கு இருந்த வீட்டு ஹாலில் எதிரெதிரே போட்டார்கள்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிக்கும். ஒருநாள் பிரான்ஸ், ஒருநாள் போலந்து. பெரிய கூட்டமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டியதையெல்லாம் எத்தியேன் ரெண்டு பியானோவுக்கு அளவெடுத்து வெட்டி, பென்சிலில் எழுதி வைப்பார். பிரான்ஸ் சங்கதி, மழை விட்ட பிறகு ஓட்டு நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணி மாதிரி. எப்போது விழும் என்று தெரியாது, விழுந்தால் சரியான இடத்தில் விழும். போலந்து சங்கதி வேறு. மசூர்கா என்று ஒரு ஆட்டம். மூன்று அடி, ஆனால் அழுத்தம் முதல் அடியில் விழாது. ரெண்டிலோ மூன்றிலோ விழுந்து, ஒரு கால் நொண்டினவன் சந்தோஷம் தாங்காமல் ஆடுகிற மாதிரி இருக்கும். "என்னம்மா உங்க ஊர்ல எல்லாரும் தடுக்கி தடுக்கிதான் ஆடுவாங்களா?" என்று சகாதேவன் முதல் நாள் கேட்டதற்கு ஹலினா அரை நாள் சிரித்தாள்.

அந்த முதல் நாள் அவர் போனது ஒரு முக்காலியை விற்க. எத்தியேன் வாசித்துக்கொண்டே கண்ணால் கூப்பிட்டார். கை ரெண்டும் வேலையாக இருந்தது, மின்விசிறிக் காற்றில் தாள் பறந்தது. "சகா! பக்கம்!" சகாதேவன் புரட்டினார். அதோடு மாட்டிக்கொண்டார். ஒன்பது வருஷம். சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை கடையில் பெண்டாட்டி ரேணுகாம்பாள். இவர் பியானோவுக்குப் பக்கத்தில். அந்தத் தாளில் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது, "சகா!" என்றால் புரட்டத் தெரியும். ஹலினாவுக்கு ஆள் தேவைப்படாது. அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

ஹலினா தமிழ் கற்றுக்கொண்டது இவர் கடையில் பேரம் பேசித்தான். அதனால் அவளுடைய தமிழில் பாதிக்கு மேல் "ஜாஸ்தி", "கம்மி", "போதும்", "வேணாம் போ". அதை வைத்தே குடித்தனம் நடத்தினாள். எத்தியேனுக்கு 'சகா' ஆனவர் அவளுக்கு 'தேவன்'.

ரெண்டாயிரத்து இருபது மாசியில் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஹலினா ஊருக்குப் போனாள். ஒரு மாதத்தில் வருவதாகப் பேச்சு. அவள் தனியாக அடிக்கடி வாசிக்கிற ஒரு பழைய மசூர்காவை அவளுக்காக எத்தியேன் அப்போதுதான் ரெண்டு பியானோவுக்கு எழுதி முடித்திருந்தார். அவள் பங்கின் தாளைத் தபாலில் அனுப்பினார். தன் பங்கை வாசித்துப் பதிவு செய்து போனில் அனுப்பினால் அவள் அங்கே பழகிக்கொள்வாள் என்று ஒரு சாயங்காலம் சகாதேவனின் போனை முக்காலி மேல் வைத்து வாசித்தார். பதினோரு நிமிஷம். முடித்துவிட்டு, "ரெண்டு தப்பு. இதை அனுப்பாதே. இன்னொரு வாட்டி, சகா?" என்றார்.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு விற்கிற கோரைப்பாய் அப்போதே லாரியில் வந்து கடை வாசலில் நின்றிருந்தது. "பாய் இறக்கணும் சார். நாளை கழிச்சு வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு சகாதேவன் கிளம்பிவிட்டார்.

அன்று இரவு தூங்கப் போன எத்தியேன் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். ரெண்டு வாரத்தில் ஊரடங்கு; விமானம் எல்லாம் நின்றது. ஹலினா வரமுடியவில்லை. அப்புறம் அக்காவின் சாவு, இடுப்பு எலும்பு முறிவு என்று வருஷங்கள் போயின. எத்தியேனின் தங்கை பிரான்ஸிலிருந்து சொன்னபடி ஜப்பான் பியானோ பாண்டிச்சேரியில் ஒரு இசைப் பள்ளிக்குப் போனது. ஹலினாவுடையதை யாரும் சும்மாகூடக் கேட்கவில்லை. சகாதேவன் கடைப் பின்னறையில், மெத்தைகளுக்கு நடுவில் அது உட்கார்ந்தது.

பதிவை அவர் அனுப்பவே இல்லை. அனுப்பாதே என்று சரக்குக்கு உரியவர் சொல்லியிருந்தார். ஆனால் தினமும் கேட்டார், தன் குரல் வருகிற இடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு. முதல் வருஷம் சத்தமில்லாத இடமெல்லாம் ஹலினாவின் பங்கு மண்டைக்குள் தானாக நிரம்பிவிடும். அதே தடுக்கல், அதே சிரிப்பு. போன வருஷத்திலிருந்து சில இடத்தில் நிரம்பவில்லை. வெறும் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. பாதியும் போய்விட்டால் அப்புறம் அந்த ஹாலும் அந்த நாலு மணியும் இருந்ததற்கு என்ன சாட்சி?

மார்கழியில் ஹலினா வருவதாகச் செய்தி அனுப்பினாள். நாலே நாள். எழுபத்தாறு வயது, இனிமேல் வருவது நடக்காது, மலையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று. அப்போதுதான் சகாதேவன் பதிவைப் பற்றி அவளிடம் சொன்னார். பதிலுக்கு மூன்று சொல் வந்தது: "தாள் கொண்டுவரேன், தேவன்."

அதற்குப் பிறகு அவர் தரையில் நிற்கவில்லை. மெத்தைகளை நகர்த்தினார். பியானோவைத் துடைத்தார். சென்னையிலிருந்து பியானோவுக்குச் சுருதி கூட்டுகிற வளவன் என்ற ஆளை வரவழைத்தார். வளவன் நாலு கட்டையைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"சுருதி அரைக் கட்டை கம்மியா இருக்குது சார். மொத்தமாவே இறங்கிக் கெடக்குது."

"கம்மியா?"

"அரைக் கட்டை. இப்படியே விட்டுடட்டுமா? ஏத்தினா பழைய கம்பி, அறுந்தாலும் அறுக்கும்."

சகாதேவனின் அப்பா வெல்ல மண்டியில் தராசு பிடித்தவர். விலை சொல்லும்போது கூசாமல் பொய் சொல்லுவார். எடை போடும்போது முள் வாங்குகிறவன் பக்கம் சாயாமல் தட்டை எடுக்கமாட்டார். அந்த ரத்தம் அல்லவா. ஆறு வருஷம் கழித்து ஒப்படைக்கிற சரக்கை அளவு குறைத்தா கொடுப்பது?

"கம்மியா இருக்கக்கூடாதுப்பா. முழுசா ஏத்து."

ஒரு பகல் முழுக்க வளவன் முறுக்கினான். ரெண்டு கம்பி அறுந்தது. மீதி ஏறி நின்றது. தட்டினால் கோயில் மணி மாதிரி பளிச்சென்று இருந்தது. சகாதேவனுக்கு மனசு நிறைந்தது.

ஹலினா வந்தாள். கையில் ஊன்றுகோல், பாதியாக இளைத்த உடம்பு, அதே சிரிப்பு. முதல் நாள் அறைக்குள்ளேயே படுத்திருந்தாள். ரெண்டாம் நாள் எத்தியேனைப் புதைத்த இடத்துக்கும் ஆசிரமத்துக்கும் போய் வந்தாள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கடைக்கு வந்தாள். அன்று பௌர்ணமி. மறுநாள் விடியற்காலையில் அவளுக்குக் கார்.

பியானோவைப் பார்த்ததும் மஞ்சள் கட்டைகளைத் தடவினாள். பென்சில் எழுத்துத் தாளை எடுத்து நிறுத்தினாள். சகாதேவன் போனை ஸ்பீக்கரில் மாட்டி அழுத்தினார். எத்தியேன் ஆரம்பித்தார். நாலு சொட்டு. அஞ்சாவது இடத்தில் ஹலினா உள்ளே வந்தாள்.

பேருந்து நிலையத்தில் ரெண்டு டவுன் பஸ் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஹலினா சுட்டுக்கொண்ட மாதிரி கையை எடுத்தாள்.

"யாரு மேல ஏத்தினது?"

"நான்தாம்மா. கம்மியா இருந்துச்சு, அதான் சரியான அளவுக்கு..."

ஹலினா கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் மெதுவாக, வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள். "என் பியானோ கிழவி, தேவன். மேல ஏத்தினா தாங்காது. அதனால எத்தியேன் அவனோட நல்ல பியானோவ கம்மி பண்ணினான். என் கிழவிக்காக. வருஷா வருஷம் வெயில்ல மாறும், வருஷா வருஷம் கம்மி பண்ணுவான்."

சகாதேவன் பார்த்திருக்கிறார். பங்குனி தோறும் எத்தியேன் முன்பலகையைக் கழற்றி மூன்று நாள் ஒரு சாவியால் திருகிக்கொண்டிருப்பார். தொய்ந்த நார்க்கட்டிலை இழுத்துக் கட்டுகிற மாதிரி முறுக்கேற்றுகிறார் என்றே இவர் நினைத்திருந்தார். இறக்கினார் என்று யார் கண்டது? இத்தனை வருஷ வியாபாரத்தில், எதிராளி வாயைத் திறந்து கேட்காமலே தன் உயர்ந்த சரக்கைத் தானே குறைத்துக்கொண்ட ஒரு மனுஷனை இவர் பார்த்ததில்லை. ஒன்பது வருஷம் பக்கத்திலேயே நின்றும் பார்க்கவில்லை.

வளவனுக்குப் போன் போட்டார்.

"பௌர்ணமி சார் இன்னிக்கி! பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவான். நான் வந்து சேர ராத்திரி ஆயிடும். பியானோவ ஏன் சார் தொடறீங்க, போன்ல ஆப் இருக்குது. பதிவ அரைக் கட்டை ஏத்திக்குங்க, அவ்ளோதான்."

போன் வேலை எல்லாம் ரேணுகாம்பாள்தான். வாசலில் பாய் அடுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அஞ்சு நிமிஷத்தில் ஏற்றிக் கொடுத்தாள். போட்டார்கள். சுருதி சேர்ந்தது. ஹலினாவின் முகம்கூடக் கொஞ்சம் மலர்ந்தது. அப்போது நடுவில் எத்தியேன் பழக்க தோஷத்தில் "சகா!" என்று கூப்பிட்டார். மூக்கடைத்த பையன் கூப்பிடுகிற மாதிரி மெலிசாக வந்தது.

ஹலினா கையை எடுத்துவிட்டாள். "வேணாம். இது எத்தியேன் இல்ல. எத்தியேனோட தம்பி."

ரேணுகாம்பாள் சிரித்துவிட்டு, புருஷன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்ப திரும்ப இறக்கிடலாம்மா," என்றார் சகாதேவன்.

"சாவி?"

சாவி இருந்தது. எத்தியேனின் வீட்டைக் காலி செய்தபோது வந்தது. ஸ்பானர் டப்பாவில் ஆறு வருஷமாகக் கிடக்கிறது. எந்த நட்டுக்கும் பொருந்தாததால் ஒருத்தனும் வாங்கவில்லை. அதற்காக அன்றுதான் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார்.

ஹலினாவின் மணிக்கட்டில் பலம் இல்லை. சகாதேவனுக்குக் காது இல்லை. ரெண்டையும் சேர்த்தால் ஒரு ஆள். அவள் தன் தாளைப் பார்த்து, இந்த மசூர்காவுக்குத் தேவைப்படுகிற கட்டைகளை மட்டும் சாக்பீஸால் புள்ளி வைத்தாள், நாற்பத்தேழு. ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. பக்கத்துக் கம்பி அதிராமலிருக்க ஹவாய் செருப்பை வெட்டிச் செருகினார்கள். பதிவில் எத்தியேன் நீட்டிப் பிடிக்கிற ஒரு சுரத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதற்கு முதல் கம்பியை இறக்கினார்கள். பிறகு அதிலிருந்து ஒவ்வொன்றாக.

"கம்மி."

திருகினார்.

"இன்னும் கம்மி."

"இதுக்கு மேல கட்டாதும்மா."

"பேசாத. கம்மி... ஐயோ, ஜாஸ்தி கம்மி! ஏத்து. கொஞ்சம். போதும். போதும்!"

வாசலில் பாய் வாங்க நின்ற செங்கல்பட்டுக் குடும்பம் ஒன்று இதைக் கேட்டு, உள்ளே ஏதோ பெரிய பேரம் நடக்கிறது, நாமும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம் என்று ரேணுகாம்பாளிடம் விடாப்பிடியாக நின்றது.

"ஏங்க! பௌர்ணமி நாளும் அதுவுமா ரூம்புக்குள்ள பூந்துக்கினா நான் ஒண்டியா இந்தக் கூட்டத்த என்னா பண்றது?" என்று அவள் எட்டிப் பார்த்தாள். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டு பியானோவின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார் புருஷன். ரெண்டு டம்ளர் மோரை வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஹலினாவின் முதுகு தாங்கவில்லை. நீலப்பூ மெத்தையை விரித்து அவளைப் படுக்க வைத்தார். அவள் படுத்துக்கொண்டே "கம்மி" என்றாள். அவர் திருகினார். இடையிடையே எத்தியேன் எப்படி மாம்பழம் பேரம் பேசத் தெரியாமல் சொன்ன விலையைவிட அதிகம் கொடுப்பார் என்று பேசினார்கள். அவள் சிரித்தாள். அவர் கை கொப்பளித்திருந்தது.

அஞ்சரை மணிக்கு நாற்பத்தேழாவது கட்டையில் "போதும்" வந்தது.

ரோட்டில் கூட்டம் நடக்க ஆரம்பித்திருந்தது. வெறுங்காலோசை, அரோகரா, பலூன்காரனின் பீப்பி. ஹலினா உட்கார்ந்தாள். "இது ரொம்ப நேரம் நிக்காது. கம்பி மறுபடி ஓடும். ஒரு வாட்டி, ரெண்டு வாட்டி. அவ்ளோதான்." வாசிப்புக்கு நடுவில் எட்டித் தாளைப் புரட்ட அவள் முதுகு இப்போது இடம் கொடுக்காது. ஆகவே சகாதேவன் பக்கத்தில் நின்றார், முதல் தடவையாக ஹலினாவின் பக்கத்தில்.

எத்தியேன் நாலு சொட்டு விட்டார். அஞ்சாவதில் ஹலினா வந்தாள்.

சேர்ந்தது. ரெண்டு கிழங்களும், ஜப்பான் பியானோவும் ஏற்காட்டுப் பியானோவும், ஒன்றின் இடைவெளிக்குள் ஒன்று போய் உட்கார்ந்தன. மின்விசிறிச் சத்தமாகிவிட்டிருந்த இடத்திலெல்லாம் அந்தத் தடுக்கல் திரும்பி வந்தது. அவர் மறந்துபோயிருந்த ஒரு திருப்பத்தில் அது எப்படிச் சறுக்கி, விழாமல் நிற்கும் என்பதும் வந்தது. நாலு மணி வெயில் ஹாலில் குறுக்கே விழுகிற கோடு, சுண்டல் தட்டு, எத்தியேனின் செருப்பு வாடை எல்லாமே. சகாதேவன் பக்கத்து மெத்தை அடுக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சகா!" என்றார் எத்தியேன், தன் சொந்தக் குரலில்.

கை தானாகப் போய்ப் பக்கத்தைப் புரட்டிவிட்டது. ஆனால் எத்தியேன் கூப்பிட்டது தன் தாளுக்கு. ஹலினாவின் தாளில் இன்னும் ரெண்டு வரி பாக்கி. சகாதேவன் பதறிப்போய்த் திருப்பப் பார்த்தார். ஹலினா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். தாளைப் பார்க்காமலே, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்துக்கொண்டே போனாள். அப்புறமும் "சகா!" வரும்போதெல்லாம் அவர் புரட்டினார். எல்லாமே தப்பான இடம். அவள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

பதினோரு நிமிஷம் முடிந்தது. அவர் கை பழக்கத்தில் போனை நோக்கி நீண்டது. ஹலினா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு தப்பு," என்றது எத்தியேனின் குரல். "இதை அனுப்பாதே. இன்னொரு வாட்டி, சகா?"

"பாய் இறக்கணும் சார். நாளை கழிச்சு வெச்சுக்கலாம்," என்றது ஆறு வருஷத்துக்கு முந்தைய சகாதேவனின் குரல், அவசரமாக, வியாபாரம் தெரிந்தவனின் குரலில். எத்தியேன் லேசாகச் சிரிப்பது கேட்டது. பியானோவின் மூடி மூடுகிற சத்தம். அவ்வளவுதான்.

சகாதேவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு தப்பு இல்ல," என்றாள் ஹலினா. "நாலு. அவன் எப்பவும் கம்மியாத்தான் சொல்லுவான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி, தேவன்?"

வாசலிலிருந்து ரேணுகாம்பாள் கத்தினாள். "ஏங்க! இருபது பாய் மொத்தமா கேக்கறாங்க. வந்து வெல சொல்லுங்க!"

முப்பது வருஷக் கடையில் மொத்த வியாபாரத்துக்கு அவரைத் தவிர யாரும் விலை சொன்னதில்லை.

"நீயே சொல்லு," என்றார் சகாதேவன். தாளை முதல் பக்கத்துக்குப் புரட்டிவிட்டு, போனை எடுத்தார்.